வேலியோரம் சாப்பிட்டவர்

ஃப்ளோரியன் க்ளுக்கின் மனு நிராகரிக்கப்பட்டதற்கு அவர் சமையல்காரராக இருந்ததுதான் காரணம். துப்பாக்கி தூக்கியிருந்தால் பிரச்சினையே இருந்திருக்காது. விமானப்படையில் அவர் தூக்கியது கரண்டி.

என் அலுவலகம் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மாவட்டத்துக்கு ஒருவர் என்னைப் போல உண்டு. படையில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நோய்நொடி என்றால், அரசாங்கத்திடமிருந்து கிடைக்க வேண்டியதை வாதாடி வாங்கித் தருவது எங்கள் வேலை. நானும் ராணுவத்தில் லாரி ஓட்டியவள். அதனால் ஊர்க் கிழவர்கள் என்னிடம் கூச்சப்படாமல் பேசுவார்கள், கூச்சப்படாமல் பொய்யும் சொல்வார்கள்.

ஃப்ளோரியனுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி செத்து, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வியட்நாம் போர் நடந்த நாட்களில் அவர் தாய்லாந்தில் ஒரு விமானத்தளத்தில் இருந்தார். அந்தத் தளங்களைச் சுற்றியிருந்த முள்வேலியில் புல்பூண்டு மண்டாமலிருக்கக் களைக்கொல்லி அடிப்பார்கள். வேலியில் காவல் நின்றவனுக்குப் பின்னாளில் சர்க்கரை வந்தால், அது அந்த மருந்தால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நீ எத்தனை டோனட் தின்றாய் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் சமையலறை இருந்தது தளத்தின் நடுவில். சமையல்காரனுக்கு வேலியில் என்ன வேலை என்று படைவீரர் நலத்துறை கேட்டது. நியாயமான கேள்விதான். நானும் அதையே கேட்டேன்.

"வேலிப்பக்கம் போனதுண்டா, ஃப்ளோரியன்?"

அவர் கூரையைப் பார்த்தார். என் கூரையில் குழாய்களைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

"போனேன்."

"எப்பப்ப?"

"தினமும்."

"எதுக்கு?"

"காத்து வாங்க."

"தாய்லாந்துல. ஏப்ரல் மாசத்துல."

"வரும்னு நம்பித்தான்மா போனேன்."

"இதை மேல்முறையீட்டு நீதிபதிகிட்ட சொன்னா கேஸ் அன்னிக்கே முடிஞ்சுடும். நீங்க அங்க இருந்ததைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவரைப் போல ஒரு பெயரைச் சொன்னார்.

"ஆர்வில் டெஸ்கி. காவல் நாய் வெச்சிருந்தவன். அவனாலதான் எனக்குச் சார்ஜென்ட் பட்டை போச்சு."

"உயிரோட இருக்காரா?"

"அந்த மாதிரி ஆளுங்க எங்க சாகப் போறாங்க."

"அப்ப அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமே."

"வேணாம். இன்னும் ரெண்டு விரல் போனாலும் பரவாயில்ல. அவன் வாயைத் திறக்கக் கூடாது."

வெளியே நடைபாதைப் பெஞ்சில் அவருடைய மனைவி டெல்ஃபின் உட்கார்ந்திருந்தாள். என் கதவு சரியாக மூடாது. அவள் உள்ளே வந்து நின்றாள்.

"நீ கேப்டனை அடிச்சதாலதானே பட்டை போச்சு?"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். யாரோ ஒரு கேப்டன் போலந்துக்காரர்களைக் கிண்டல் செய்ய, போலந்து வம்சத்தவரான ஃப்ளோரியன் பொறுக்க முடியாமல் ஒரு குத்து விட்டாராம். ஊரில் அவர் நடத்தும் ஓட்டலில் ஒவ்வொரு நவம்பரும் படைவீரர் தினத்தன்று காப்பியோடு சேர்த்து இந்தக் கதையையும் பரிமாறுவார். சொல்லச் சொல்ல அடி வாங்கியவனுக்குப் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டே வந்தது. நான் கடைசியாகக் கேட்டபோது கர்னல் ஆகியிருந்தான்.

"ரெண்டும் சேந்துதான் போச்சு," என்றார் ஃப்ளோரியன், சுவரைப் பார்த்து.

டெல்ஃபின் என் பக்கம் திரும்பினாள். "அந்த டெஸ்கியைக் கண்டுபிடி, ஜோலீன்."

"இவர் சம்மதிக்கணுமே."

"சம்மதிச்சாச்சு. இவனுக்குத்தான் இன்னும் தெரியல."

கண்டுபிடிப்பது பெரிய பாடாக இல்லை. அந்தத் தளத்தில் இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்று கூடுகிறார்கள். ஃப்ளோரியன் ஒருமுறைகூடப் போனதில்லை. டெஸ்கி ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. லா க்ராஸ் பக்கம் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஆயிரம் வான்கோழிகள் ஒரே நேரத்தில் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தன.

"க்ளுக்கா? சமையல்கார க்ளுக்? அந்தக் கொலைகாரன் இன்னும் இருக்கானா?"

"யாரைக் கொன்னார்?"

"முயற்சி பண்ணினான்மா. தினம் மூணு வேளை."

நான் விஷயத்தைச் சொன்னேன். விரல்கள் போனதைக் கேட்டதும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் சர்க்கரைதான், இதயத்தில் வேறு அடைப்பு. வேலியில் காவல் நின்றவர் என்பதால் அவர் மனு கேள்வி கேட்காமல் ஏற்கப்பட்டிருந்தது.

"அவரை வேலிப்பக்கம் பார்த்தீங்களா?"

"பார்த்தேனாவது. என் நாய் பார்த்துச்சு, நான் பார்த்தேன், கடைசில கமாண்டரே வந்து பார்த்தாரு. நான் வர்றேன். ஆனா சத்தியம் பண்ணிட்டா உண்மையை மட்டுந்தான் சொல்லுவேன்."

"எங்களுக்கு அதுதான் வேணும்."

"உங்களுக்கு வேணும். அவனுக்கு வேணாம்," என்றார் டெஸ்கி.

அக்டோபரில் மில்வாக்கியில் விசாரணை. என் வேனில் மூவரும் கிளம்பினோம். டெல்ஃபின் முன்னால், என் பக்கத்தில். ஃப்ளோரியன் பின்னால், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் போல. பாதி வழி தாண்டியது. டெல்ஃபின் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த வேலிகிட்ட ஒரு பொம்பளை இருந்தாளா, ஃப்ளோரி?"

நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரிந்தது நிம்மதி. கொலைக் குற்றத்துக்குத் தயாராக வந்தவனிடம் சைக்கிள் திருட்டை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்று சொன்னது போல இருந்தது அந்த முகம்.

"இருந்தா," என்றார்.

"அழகா இருப்பாளா?"

யோசித்தார். "சிரிச்ச முகம்."

"தினமும் போவியா?"

"ஞாயித்துக்கிழமை அவ வர மாட்டா."

டெல்ஃபின் மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். பன்றிக்கறி சாண்ட்விச். எனக்கு ஒன்று கொடுத்தாள், தான் ஒன்று எடுத்துக்கொண்டாள், மூடியை அழுத்தி மூடினாள்.

"எனக்கு?"

"போய் அவகிட்ட வாங்கிச் சாப்பிடு."

பின்சீட்டில் ஃப்ளோரியனுக்குப் புரையேறியது. வாயில் ஒன்றும் இல்லாமல் ஒரு மனிதருக்குப் புரையேறியதை அன்றுதான் பார்த்தேன். மில்வாக்கி நெருங்கும்போது டெல்ஃபின் பாதி சாண்ட்விச்சைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். "சர்க்கரை இறங்கிச் செத்து வைக்காத. விசாரணை இருக்கு."

விசாரணை அறைக்கு வெளியே டெஸ்கி காத்திருந்தார். ஒட்டடைக்கம்பு போல உயரம், காதில் கருவி, கையில் தொப்பி.

"யோவ் க்ளுக். ஊதிட்டியே."

"நீ இன்னும் மோந்து பார்த்துக்கிட்டேதான் திரியிறியா?"

"அது நாய்யா. நான் கயிறு பிடிச்சவன்."

இருவரும் கைகுலுக்கவில்லை. ஆனால் உள்ளே போகும்போது, ஃப்ளோரியன் நொண்டுவதைப் பார்த்து டெஸ்கி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது நீதிமன்றம் மாதிரியே இருக்காது. ஒரு மேஜை, ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர்க் குடுவை. நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். ஃப்ளோரியனுக்கும் டெஸ்கிக்கும் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார்.

"வேலிக்கு எவ்வளவு கிட்ட போவீங்க, மிஸ்டர் க்ளுக்?"

"முதுகு சாஞ்சா முள்ளு குத்தும், மேடம்."

"அங்க புல், செடி ஏதாவது இருந்ததா?"

"ஒண்ணுமில்ல. கருகின ரொட்டி மாதிரி தரை. அந்த ஊர்ல மழைக்காலத்துல கம்பியை நட்டாக்கூடத் துளிர் விடும். வேலியோரம் மட்டும் ஒண்ணும் முளைக்காது. ஒரு வாடை வேற, மண்ணெண்ணெய்யும் மருந்தும் கலந்த மாதிரி."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் மேஜைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டேன்.

"நீங்க சமையல்காரர். தினமும் அங்க போக என்ன காரணம்?"

"சொந்த விஷயம், மேடம்."

"நான் நம்பணும்னா எனக்குக் காரணம் தெரியணும்."

"ஒரு பெண்."

டெல்ஃபினின் கைப்பை டக்கென்று மூடிக்கொண்டது.

"அவங்க பேரு?"

"பேரு தெரியாது. ‘பா’ன்னு கூப்பிடுவோம். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"எல்லாருமா?" என்றாள் டெல்ஃபின்.

நீதிபதி கையை லேசாக உயர்த்தினார். "அவங்களோட அங்க என்ன பண்ணுவீங்க?"

ஃப்ளோரியனின் காதுகள் சிவந்தன. "உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"மேடம், என் மனைவி இருக்கா."

"சொல்லு," என்றாள் டெல்ஃபின். "நான் கல்லாத்தான் உக்காந்திருக்கேன்."

அவருக்குச் சத்தியப்பிரமாணத்தை மீறவும் தைரியமில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். நீதிபதி டெஸ்கி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்றீங்களா?"

டெஸ்கி இதற்காகவே நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்தவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் என் நாயும் வேலியைச் சுத்தி வருவோம், மேடம். எதிரி ஊடுருவினா மோந்து கண்டுபிடிக்கப் பழக்கின நாய். ஒருநாள் மத்தியானம் கயிறைப் பிச்சுக்கிட்டு ஓடுது. எவனோ குண்டு வைக்க வந்துட்டான்னு துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அங்க பார்த்தா இந்த க்ளுக், சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா, அந்த ஊர் பாஷையில ‘பா’ன்னா பெரியம்மா, அறுபது இருக்கும், வெத்தலை போட்ட வாய், ஒரு கரி அடுப்பு. இவன் வேலிச் சந்துல கையை விட்டு வாங்கித் தின்னுக்கிட்டிருக்கான்."

"எதை?"

"சுட்ட கோழி. நூடுல்ஸ் சூப்பு. ஏதோ பச்சைப் பப்பாளிக்காயை இடிச்சுத் தருவாங்க, கண்ணுல தண்ணி வரும். ஏன்டா நீ சமையல்காரன், உன் மெஸ்ஸுல நீ சாப்பிட மாட்டியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"‘நான் சமைச்சதை நான் எப்படிடா சாப்பிடறது’ன்னான், மேடம்."

ஃப்ளோரியன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ‘விமானப்படைக்குச் சோறு போட்ட கை’ என்று அவருடைய ஓட்டல் வாசலில் பலகை தொங்குகிறது. ஆயிரக்கணக்கான வீரர்கள் சாப்பிட்டார்கள், ஒருவன் குறை சொன்னதில்லை என்று அவர் சொல்லாத நாளில்லை.

"உடனே மேலதிகாரிகிட்ட சொன்னீங்களா?"

டெஸ்கி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடனே சொல்லல. அன்னிக்கு நானும் ஒரு கோழி சாப்பிட்டேன். நாய்க்கும் ஒண்ணு. அப்புறம் என் ஷிஃப்டு ஆளுங்க வந்தாங்க. அப்புறம் மெக்கானிக்குங்க. மெஸ்ஸுல நிக்கிற வரிசையைவிட வேலியில நிக்கிற வரிசை பெரிசாயிடுச்சு. கமாண்டர் மோப்பம் பிடிச்சுட்டாரு. போய் ஆளைப் பிடிச்சுட்டு வான்னு எனக்கு உத்தரவு. நான் என்ன பண்ண? எல்லாரும் ஓடிட்டானுங்க. இவன் மட்டும் சூப்பு மிச்சம் இருக்குன்னு உக்காந்திருந்தான்."

நீதிபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, துடைத்து, மறுபடி மாட்டினார். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"மருந்து அடிச்சதைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தேன். வண்டியில டாங்கி வெச்சு ஓஸ் பைப்பால அடிச்சுக்கிட்டே வருவாங்க. ஒருநாள் இவன் உக்காந்திருக்கறப்பவே வந்தாங்க. எல்லாரும் எந்திரிச்சு ஓடினோம். இவன் எந்திரிக்கல. சூப்புக் கிண்ணத்தைக் கையால மூடிக்கிட்டு, ‘அந்தப் பக்கம் அடிங்கடா, வாடை சூப்புல ஏறுது’ன்னு சண்டை போட்டான். முட்டிக்குக் கீழ நனைஞ்சு போச்சு."

நீதிபதியின் பேனா ஓடியது. எனக்கு மூச்சு வந்தது. ஐந்து வருஷமாக ஒரு மனுவைத் தள்ளிக்கொண்டு திரிந்தவளுக்கு அந்த நனைந்த கால்சட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

"வேற ஏதாவது சொல்லணுமா, மிஸ்டர் க்ளுக்?"

"நான் மத்தவங்களுக்கும் அதைத்தான் சமைச்சுப் போட்டேன்," என்றார் அவர் மெதுவாக. "தப்புதான்."

"அது இந்த விசாரணையில வராது," என்றார் நீதிபதி.

வெளியே நடைபாதையில் டெல்ஃபின் அவரைச் சுவரோடு நிறுத்தினாள். கத்துவாள் என்று நானும் டெஸ்கியும் இரண்டடி தள்ளி நின்றோம். அவள் கத்தவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"மீட்லோஃப்."

அரைத்த மாட்டுக்கறியைச் செங்கல் வடிவத்தில் வேகவைத்து ஃப்ளோரியன் போடுவது அது. செங்கல் என்பது வடிவத்தை மட்டும் சொல்லவில்லை. ஓட்டலில் வியாழக்கிழமைதோறும் அதுதான். ஊரில் பாதிப்பேர் டெல்ஃபின் மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரத்துக்காகத்தான் அங்கே போவார்கள். அந்தப் பலகாரத்தை அடைவதற்கு மீட்லோஃபைக் கடந்தாக வேண்டும்.

"நாப்பது வருஷமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்."

"ஏன் அப்படிச் சொன்ன, டெல்?"

"உன் மனசு நோகக் கூடாதேன்னுதான்."

"அது நல்லா இருக்காதுன்னு எனக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்னியே."

"அப்புறம் வேனுல எதுக்குப் பொம்பளைன்னு ஒத்துக்கிட்ட?"

"இதை ஒத்துக்கறதுக்கு அது கௌரவமா இருந்துச்சு."

டெஸ்கிதான் முதலில் சிரித்தார். காதுக் கருவி கீச்சிடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு டெல்ஃபினும் சிரித்தாள், கைப்பையால் கணவரின் தோளில் ஒரு போடு போட்டுவிட்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதை டெல்ஃபின் முடிவு செய்தாள். மில்வாக்கியின் வடக்கே மோங் மக்கள் கூட்டுக் கடைகள் வைத்திருக்கிறார்கள். லாவோஸிலிருந்து போருக்குப் பிறகு வந்தவர்கள். ஒரு கடையில் கரியடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பப்பாளிக்காயை இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்டதும் ஃப்ளோரியன் நொண்டலை மறந்து வேகமாக நடந்தார். டெல்ஃபின் ஒரு வாய் வைத்தாள். கண்ணில் நீர் கோத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தாள்.

"இதுக்குன்னா நானும் பட்டையைக் கழட்டிக் குடுத்திருப்பேன்," என்றாள்.

ஃப்ளோரியன் பாதியில் முட்கரண்டியை வைத்துவிட்டார்.

"மருந்து அடிச்சப்ப அவளும் அந்தப் பக்கம் உக்காந்திருந்தா, டெஸ்கி. நான் கடைசில எந்திரிச்சு வந்துட்டேன். அவ அடுப்பைத் தூக்கிக்கிட்டு நாலடி தள்ளி உக்காந்தா. அவ்வளவுதான். மறுநாளும் வந்தா."

"பேரன் ஒருத்தன் கூட வருவான், முதுகுல தொங்கிக்கிட்டு," என்றார் டெஸ்கி. "என் நாய் வயித்துல கட்டி வந்து செத்துச்சு. அப்ப யாரு அதையெல்லாம் யோசிச்சா."

ஃப்ளோரியன் என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு யாராவது உண்டா, ஜோலீன்? உன்னை மாதிரி? அடித்தளத்துல உக்காந்துக்கிட்டு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல," என்றேன்.

டெல்ஃபின் ஃப்ளோரியன் தட்டிலிருந்த சோற்றில் பாதியைத் தன் தட்டுக்குத் தள்ளினாள். சர்க்கரைக்காரர் அவ்வளவு சோறு சாப்பிடக் கூடாது.

பிப்ரவரியில், ஏரியில் பனிக்கட்டி கனத்துக் கிடந்த நாளில் தீர்ப்பு வந்தது. மனு ஏற்கப்பட்டது: சர்க்கரை, பாதம், போன விரல்கள் எல்லாம் சேர்த்து, முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்தே உதவித்தொகை. நான் போனில் சொன்னபோது ஃப்ளோரியன், "டெஸ்கிக்குச் சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டார். அவர்கள் இருவரும் அதற்குள் வாரம் ஒருமுறை போனில் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.

ஓட்டலில் மீட்லோஃப் நின்றது. எங்கள் ஊர் தபால்காரர் மட்டும் வருத்தப்பட்டார். பழகிப்போன வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது என்றார். மற்றபடி உண்மை வெளியே தெரிந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று ஃப்ளோரியன் பயந்தது வீண். ஊருக்கு அதில் தெரியாதது எதுவுமே இல்லை. அவர் தன் ஓட்டலில் சாப்பிடாமல் பின்வாசல் வழியாக முன்னாள் படைவீரர்களின் லீஜன் மன்றத்துக்குப் போய்ச் சாப்பிடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது. டெல்ஃபினிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஃப்ளோரியன், டெல்ஃபின், டெஸ்கி மூன்று பேரும் தாய்லாந்துக்குக் கிளம்பினார்கள். டெல்ஃபினின் யோசனை. "அவ இருக்க மாட்டா. முதுகுல தொங்கின பேரன் இருப்பான் இல்ல," என்றாள். டெஸ்கி வான்கோழிகளை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஃப்ளோரியனின் காலுக்கு டாக்டர் தனியாக ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து டெல்ஃபின் என்னைப் போனில் கூப்பிட்டாள். பழைய தளம் இப்போது விமான நிலையமாகிவிட்டதாம். வேலி இருந்த இடத்தில் புல் நன்றாக வளர்ந்திருக்கிறதாம். வேலியை ஒட்டிய தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். வெற்றிலை போட்ட ‘பா’வை யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஃப்ளோரியன் உட்கார்ந்து, ஒரு சூப்பு வாங்கி, கையைக் காலை ஆட்டி விசாரிக்கிறாராம். சும்மா கேட்டால் மரியாதையாக இருக்காதாம்.

"கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றாள் டெல்ஃபின். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். "இன்னும் பாதித் தெரு இருக்கு."